எட்டாவது பொருத்தம்

அக்டோபர் 6, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது, அதுவும் சுகிர்தா மேடம் இருக்கிற அதே பல்கலைக்கழகத்தில், அதே வளாகத்தில், அவருடைய ஆய்வகத்து ஜன்னல் தெரிகிற கட்டடத்தில், எனக்கு, இந்த இசக்கிப்ரியாவுக்கு, வேலை கிடைத்துவிட்டது!

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

பழைய நோட்டாக இருந்தால் டாக்டர் சுகிர்தா பொன்ராஜ் யார் என்று சொல்லவே வேண்டாம். இது புது நோட்டு. பழந்தின்னி வவ்வால்களை ஆராய்ச்சி செய்கிறவர். வவ்வாலை வலையில் பிடித்து, ஒரு துளி ரத்தம் எடுத்து, அதன் உடம்பில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பத்திரமாகப் பறக்கவிடுவார். ஊரடங்கு நேரத்தில் உலகமே வவ்வாலைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் ஆற்றங்கரை மருத மரத்தடியில் நின்று, "இவங்க மேல பழி போடாதீங்க, முதல்ல இவங்கள ஒரு தடவ நிமிந்து பாருங்க" என்று ஒரு வீடியோ போட்டார். நான் அப்போது பிளஸ் டூ. அதைப் பதினாறு தடவை பார்த்தேன். பிறகு படித்தது என்னவோ பி.காம். வவ்வாலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் போனில் நானே தேடித் தேடிப் படித்தது.

மேடத்துக்காக இணையத்தில் இருக்கிற 'தலைகீழ் ரசிகர்கள்' பக்கத்தை நடத்துவது நான்தான் என்பது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இன்றைக்கு 11,400 பேர். மேடமே இரண்டு பதிவுக்கு இதயம் போட்டிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

வேலை: நெறிமுறைக் குழு அலுவலகத்தில் உதவியாளர். ஆறு மாதத் தற்காலிகம், பிறகு பார்ப்பார்களாம். பார்க்கட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

என் வேலை என்ன என்று இன்றுதான் புரிந்தது. பிரிவு அலுவலர் கோமதிநாயகம் சார் இரண்டு கோப்புகளை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு விளக்கினார்.

"ஏ பிள்ளே, இது பொருத்தம் பாக்குற ஆபீசுன்னு வச்சிக்கோ. இது மாப்பிள்ள. எந்த விலங்க வச்சி என்னென்ன செய்யலாம்னு நம்ம குழு கொடுத்த அனுமதி. இது பொண்ணு. அந்த ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு வெளிய அனுப்பப்போற முன்மொழிவு. அங்க ஒண்ணு சொல்லிட்டு இங்க ஒண்ணு சொல்லக்கூடாது. படிவத்துல பத்து வரிசை இருக்கு. பத்தும் பொருந்தினாத்தான் முத்திரை."

"எட்டு பொருந்தினா போதும்னு ஜோசியர் சொல்லுவாரே சார்?"

"ஜோசியருக்கு பென்ஷன் கிடையாது. எனக்கு இருக்கு."

என்ன விலங்கு, எத்தனை, எந்த இடம், யார் செய்வது, எந்த முறை, எந்தக் காலம்... இப்படிப் பத்து. இடப்பக்கம் அனுமதியில் உள்ளதை எழுத வேண்டும். வலப்பக்கம் முன்மொழிவில் உள்ளதை எழுத வேண்டும். நடுவில் 'பொருந்துகிறது' அல்லது 'பொருந்தவில்லை'. கீழே என் கையெழுத்து. என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு வந்திருக்கிறது! வங்கி பாஸ்புக்கைத் தவிர வேறெங்கும் அது தேவைப்பட்டதே இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

முதல் விக்கெட்!

மருந்தியல் பேராசிரியர் ஒருவரின் கோப்பு. அனுமதியில் எலி 36. முன்மொழிவில் 48. சிவப்பு மையில் 'பொருந்தவில்லை' என்று எழுதினேன். அவரே நேரில் வந்துவிட்டார்.

"யம்மா, பன்னெண்டு எலிதான அதிகம்? ஹாஸ்டல் மெஸ்ல இதவிட அதிகமா ஓடுது."

"அதுங்க நம்மகிட்ட அனுமதி கேக்கல சார்."

கோமதிநாயகம் சார் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த ஓமப்பொடி மேசையெல்லாம் தெறித்தது. பேராசிரியர் முப்பத்தாறாகத் திருத்திக்கொண்டு வந்து கொடுத்தார். போகும்போது, "உங்க ஆபீசுக்குப் புதுசா கண்ணாடி போட்ருக்கிய போல" என்று சாரிடம் சொன்னார். பாராட்டா குத்தலா தெரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

இன்று என் மேசைக்கு வந்த கோப்பின் முதல் பக்கத்தில் இருந்த பெயரைப் பார்த்து நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

சுகிர்தா பொன்ராஜ்!

கொண்டுவந்தது அவரிடம் ஆய்வு உதவியாளராக இருக்கும் செய்யது முகைதீன். வீடியோக்களில் ஓரத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பவர். நேரில் கொஞ்சம் உயரம்.

"நீங்கதான் புதுசா வந்தவங்களா? சீக்கிரம் பாத்துக் குடுங்க. முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணியோட இணையதளம் மூடிரும்."

"மேடம் வரலையா?"

"அவங்க ஆத்துல நிக்காங்க. இது மார்ச்சுலயே அனுப்பியிருக்க வேண்டியது. ஜூலையில வேல ஆரம்பம்னு எல்லாம் எழுதி முடிச்சாச்சு. நிதி கொடுக்குறவங்க திடீர்னு தள்ளி வச்சிட்டாங்க. இப்போ ஜனவரி ஒண்ணுல ஆரம்பம்ங்காங்க. முதல் பக்கத்துல தேதிய மட்டும் மாத்தினேன், அவ்வளவுதான். மத்ததெல்லாம் அப்படியே சுத்தமா இருக்கு."

சுத்தமாகத்தான் இருந்தது. 64 பக்கம். என்ன எழுத்து, என்ன தெளிவு! ஒரு வரி விடாமல் படித்தேன். முன்னுரையை இரண்டு முறை. 11.05க்குத் தொடங்கி 11.20க்குப் பத்து வரிசையும் முடித்துவிட்டேன்.

விலங்கு: பழந்தின்னி வவ்வால், அங்கும் அதே. எண்ணிக்கை: 90, 90. இடம்: மூன்று மரக்கூட்டம், அதே மூன்று. முறை: வலை, பிறகு மரத்தடியில் தார்ப்பாய் விரித்து எச்சம் சேகரித்தல், அதே இரண்டு. எட்டாவது வரிசை, வலை போடும் காலம்: அனுமதியில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, நான்கு மாதம். முன்மொழிவில் மாதம் 3 முதல் மாதம் 6 வரை, நான்கு மாதம். நான்குக்கு நான்கு. பத்துக்குப் பத்து!

கடைசியில் எப்போதும் உள்ள உறுதிமொழி: 'சமர்ப்பிப்பவருடன் எனக்குத் தொடர்பு ஏதும் இல்லை.' ஒரு நொடி பேனா நின்றது. தொடர்பு என்றால் சொந்தம், கொடுக்கல் வாங்கல். ரசிப்பது எப்படித் தொடர்பாகும்? மேடத்துக்கு என்னை யாரென்றே தெரியாது. கையெழுத்துப் போட்டேன். சார் முத்திரை குத்தினார். என் பெயரும் அவர் பெயரும் ஒரே தாளில்.

அக்டோபர் 14, செவ்வாய்

பக்கத்தில் 12,000 தாண்டியது. கேக் வெட்டவில்லை, பன் பட்டர் ஜாம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு ஒரு பதிவு போட வேண்டும்: வவ்வால் மரத்துக்குப் பக்கத்தில் வெடி வேண்டாம் என்று. அதற்காக மேடத்தின் பழைய வீடியோக்களில் நல்ல துண்டு தேடினேன். நாற்பத்தொன்றாவது வீடியோவில் ஆறாவது நிமிடம் கிடைத்தது. மேடம் தலைக்கு மேலே கை காட்டுகிறார்.

"மார்ச்சுல இருந்து ஜூன் வரைக்கும் நான் வலையத் தொடவே மாட்டேன். ஏன்னா அம்மா நெஞ்சுல குட்டி கவ்விக்கிட்டு இருக்கும். வலையில மாட்டினா அம்மா திமிரும். குட்டி பிடி விட்டுரும். கீழ விழுந்தா, அது அவ்வளவுதான். எந்த ஆராய்ச்சியும் அதுக்கு ஈடாவாது."

வெட்டினேன், எழுத்துப் போட்டேன், பதிவேற்றினேன். அரை மணியில் எழுநூறு இதயம்.

பேருந்தில் வரும்போதுதான் அந்த 'மாதம் 3' மனதில் வந்து நின்றது. விரல் மடக்கி எண்ணினேன். வேலை தொடங்குவது ஜனவரி. ஜனவரி ஒன்று, பிப்ரவரி இரண்டு...

கூட்டமான பேருந்து. தப்பாக எண்ணியிருப்பேன்.

அக்டோபர் 18, சனி

அம்மாவுடன் முறுக்குக்கு மாவு பிசைந்தேன். சுவரில் நாள் காட்டி தொங்குகிறது. அதை நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

முறுக்கு. பிறகு அதிரசம். முதல் ஈடு கருகிவிட்டது. "கண்ணு எங்கட்டி இருக்கு ஒனக்கு?" என்றாள் அம்மா.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. புது சுடிதார் நன்றாக இருக்கிறது. வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

அக்டோபர் 22, புதன்

காலையில் என் மேசை டிராயரைச் சுத்தம் செய்தேன். பிறகு ஸ்டேப்ளரைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டேன். பிறகு சார் மேசை டிராயரையும் சுத்தம் செய்தேன். 2019ஆம் ஆண்டுத் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று கிடைத்தது.

"ஏ பிள்ளே, என்ன ஆச்சு ஒனக்கு? ஒட்டடை அடிக்கவும் போறியா?"

"ஒண்ணுமில்ல சார்."

மூன்றரை மணிக்குக் கோப்பைத் திறந்தேன்.

பழைய திட்டப்படி வேலை ஜூலையில் தொடங்கினால் மாதம் 3 என்பது செப்டம்பர். 3 முதல் 6 வரை என்பது செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. குழு கொடுத்த அனுமதியும் அதேதான். முகைதீன் முதல் பக்கத்தில் ஜூலையை ஜனவரி என்று மாற்றிய அந்த நிமிடமே, உள்ளே இருக்கும் 3 முதல் 6 வரை என்பது மார்ச் முதல் ஜூன் வரை என்று ஆகிவிட்டது. அட்டவணையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நாற்பதாம் பக்கத்தில் அது சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது.

குட்டி நெஞ்சில் தொங்கும் அந்த நான்கே மாதங்கள். தொண்ணூறு வவ்வால்கள்.

நடுவில் என் கையெழுத்தில், நீல மையில், 'பொருந்துகிறது'.

நான் ஒரு வரி விடாமல் படித்தேன் என்று பதிமூன்றாம் தேதி எழுதியிருக்கிறேன். படித்தேன். முன்னுரையை.

அக்டோபர் 23, வியாழன்

சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, அனுமதித் தாளை இடப்பக்கமும் முன்மொழிவை வலப்பக்கமும் வைத்து, சுட்டுவிரலால் மாதங்களைத் தட்டித் தட்டி எண்ணினார். ஜூனில் விரல் நின்றது.

"நானும்தான முத்திர குத்தினேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க பாரு. ஒரு தடவ சான்று கொடுத்துட்டு நாமளே திரும்பப் பெறுதோம்னா, அது குழுவோட செயலர் வரைக்கும் போவும். ஒன் ஆறு மாசம் என்னாவும்னு தெரியாது. நிதி வந்தப்புறம் திருத்தம்னு ஒரு தாள் போட்டுக்கிடுவாவ. எல்லாரும் செய்யுறதுதான்."

"போடலன்னா சார்?"

"அவிய போடுவாவ. சுகிர்தாம்மா அப்படிப்பட்ட ஆளு இல்ல."

அதுதான் எனக்கும் ஆறுதலாக இருந்தது, ஐந்து நிமிடத்துக்கு. ஆனால் அட்டவணையின் மாதங்கள் மாறிப்போனது அவருக்குத் தெரியாதே. தெரியாததை எப்படித் திருத்துவார்? நிதி வந்தபின் ஆள் எடுப்பார்கள், வலை வாங்குவார்கள், மார்ச்சில் வேலை தொடங்கியதா என்று கேட்டு வெளியிலிருந்து கடிதம் வரும். அத்தனை பேரும் நாற்பதாம் பக்கத்தைப் பார்த்துத்தான் நடப்பார்கள்.

மதியம் முகைதீனைப் பார்க்க ஆய்வகத்துக்குப் போனேன். ஐந்து வருடமாக உள்ளே போகக் கனவு கண்ட கதவு. திறந்தால் பினாயில் வாடை. மேடம் ஆற்றில்.

நான் சொல்லச் சொல்ல முகைதீன் முகம் மாறியது. அவரும் விரல் மடக்கினார். இந்த வாரம் இந்த வளாகத்தில் எல்லோரும் விரல் மடக்குகிறோம்.

"யா அல்லா. நான்தான் மாத்தினேன். நான்தான்."

"இப்ப சரிபண்ணிரலாம்லா?"

"எப்படிங்க? வலைய செப்டம்பருக்குத் தள்ளினா அது மாதம் 9. பத்தாவது மாசம் முதல் ஆய்வுக் கூட்டம். அதுல ரத்தப் பரிசோதனை முடிவு காட்டணும். காட்டலன்னா ரெண்டாம் வருஷ நிதி நிக்கும். மொத்தத்தையும் திரும்ப எழுதணும், குழு பாக்கணும், நீங்க பொருத்தம் பாக்கணும். எட்டு நாள்தான் இருக்கு." பிறகு சொன்னார்: "டிசம்பர் முப்பத்தொண்ணோட என் உதவித்தொகை முடியுது. இது வரலன்னா நான் மேலப்பாளையத்துல எங்க மாமா செருப்புக் கடையில உக்காரணும். பொய் சொல்லச் சொல்லல. முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் நீங்க சும்மா இருந்தா போதும்."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதுவே பொய்.

அக்டோபர் 24, வெள்ளி

சும்மா இருக்கப்போவதில்லை.

சான்றைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அலமாரியின் அடியில் கட்டாகக் கிடந்தது, யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. இரண்டே கேள்வி: எந்த வரிசை? காரணம்?

எந்த வரிசை: எட்டு.

காரணம்: 'கவனக்குறைவு' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். பன்னிரண்டு எலியைப் பிடித்த கண்ணுக்கு நான்கு நாளில் கவனம் குறைந்துவிட்டதா? அடித்தேன். 'படிவம் தெளிவாக இல்லை' என்று எழுதினேன். அது உண்மைதான். அதையும் அடித்தேன். மூன்றாவது படிவத்தில் எழுதியது இது:

'நான் டாக்டர் சுகிர்தா பொன்ராஜின் ரசிகை. அவருக்காக இணையத்தில் ஒரு ரசிகர் பக்கம் நடத்துகிறேன். அவர் எழுதியதில் தவறு இருக்காது என்று நினைத்து, 64 பக்கத்தைப் பதினைந்து நிமிடத்தில் முடித்தேன். தொடர்பு இல்லை என்று நான் போட்ட கையெழுத்தும் சரியல்ல. இரண்டையும் திரும்பப் பெறுகிறேன்.'

சார் இரண்டு முறை படித்தார்.

"ரசிகைன்னெல்லாம் ஆபீஸ் தாள்ல எழுதுவாவளா? கவனக்குறைவுன்னு போட்டா ஒரு மெமோவோட போயிரும். இது வேலையவே கொண்டு போயிரும் பிள்ளே."

"ஒண்ணு இங்க ஒண்ணு அங்க சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னிய."

"அது பேராசிரியருக்குச் சொன்னது."

ஆனால் தாளை வாங்கிக்கொண்டார். அதன் கீழே பேனாவை எடுத்து, 'நானும் சரிபார்க்காமல் முத்திரையிட்டேன்' என்று தன் கையெழுத்தையும் போட்டார். பென்ஷன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பக்கத்தில் இன்று ஒன்றும் பதிவிடவில்லை. 'அட்மின் எங்கே?' என்று நாற்பது பேர் கேட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 27, திங்கள்

மேடம் வந்தார்.

நேரில் எப்படி இருப்பார், முதல் வார்த்தை என்ன பேசுவார், நான் என்ன பதில் சொல்வேன் என்று ஐந்து வருடமாக ஒத்திகை பார்த்திருக்கிறேன். காலில் சேறு, கையில் ஹெல்மெட், மறு கையில் என் படிவம். முதல் வார்த்தை:

"யாரு இது, இசக்கிப்ரியா?"

எழுந்து நின்றேன்.

"நாலு நாள்ல மூடுற இணையதளத்துக்கு இன்னைக்கு வந்து பொருந்தலங்கிய? மார்ச்சுல வலை போடுவேன்னு நான் எழுதுவனா? எனக்கே வவ்வால் சொல்லித்தாரியா நீ?"

"நீங்க எழுதல மேடம். தேதி மாறினதும் அதுவா மாறிருச்சு. நீங்கதான் சொன்னிய, மார்ச்சுல இருந்து ஜூன் வரைக்கும் தொடவே மாட்டேன்னு. நாப்பத்தொண்ணாவது வீடியோ, ஆறாவது நிமிஷம்."

மேடம் கோப்பை எடுக்கச் சொன்னார். ஹெல்மெட்டை என் மேசையில் வைத்தார். நாற்பதாம் பக்கத்தைத் திருப்பினார். அவரும் விரல் மடக்கினார். மூன்றாவது விரலில் நின்றுவிட்டார்.



"குட்டியோட இருக்கும்" என்றார், யாரிடமோ. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அந்த வீடியோ எனக்கே மறந்து போச்சு. அப்ப அந்தப் பக்கம் நடத்துறது நீதானா? சென்னையில யாரோ ஒரு பையன்னுலா நெனச்சேன்."

"இல்ல மேடம். பாளையங்கோட்டை."

"ரசிகைங்கிறதால வாசிக்கல?"

"ஆமா மேடம்."

அவர் கோபப்பட்டிருக்கலாம். கோபப்படவில்லை, அதுதான் வலித்தது. "பன்னெண்டாயிரம் பேரு எனக்குக் கை தட்டுதாவ. நாப்பதாம் பக்கத்த வாசிக்க ஒருத்தி இல்ல. நானும் வாசிக்கலியே, ஒன்ன என்னத்தச் சொல்ல?"

பிறகு நடந்ததெல்லாம் வேகம். போனில் முகைதீனைக் கூப்பிட்டார். ஓடிவந்து நின்றவரைப் பார்த்து, "தேதிய மாத்தச் சொன்னது நான். வேற எங்கெல்லாம் மாறும்னு பாக்காம விட்டதும் நான். முகத்த இப்படி வைக்காத" என்றார். என் மேசையிலேயே தாள்களைப் பரப்பினார்கள்.

"தார்ப்பாய்க்குக் காலம் உண்டா?" என்று மேடம் திடீரென்று என்னைக் கேட்டார்.

அனுமதியை எடுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக. "இல்ல மேடம். மரத்தடியில தார்ப்பாய் விரிச்சு எச்சம் எடுக்குறதுக்கு வருஷம் முழுக்க அனுமதி இருக்கு. வலைக்கு மட்டும்தான் செப்டம்பர் டு டிசம்பர்."

"அப்ப மார்ச்சுல தார்ப்பாய். அம்மாவும் குட்டியும் மேல அதுபாட்டுக்குத் தொங்கட்டும், நாம கீழ விழுறத எடுப்போம். வலை மாதம் ஒம்பதுல இருந்து பன்னெண்டு."

"பத்தாவது மாசக் கூட்டத்துல ரத்த முடிவு கேப்பாங்க மேடம்" என்றார் முகைதீன்.

"கேக்கட்டும். எச்சத்துல கிடைச்சதக் காட்டுவோம். ரத்தம் ஏன் வரலன்னா, குட்டி இருந்துச்சின்னு சொல்லுவோம். அதுக்கு நிதி கொடுக்க மாட்டோம்னா வச்சிக்கிடட்டும்."

முகைதீன் தலையாட்டினார். அவர் காது சிவந்திருந்தது. செருப்புக் கடையைப் பற்றி மேடத்திடம் அவர் சொல்லவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போகும்போது மேடம் ஹெல்மெட்டை எடுத்தார். என் மேசையில் வட்டமாகச் சேறு. இன்னும் துடைக்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

குழுவின் அவசரக் கூட்டம். என்னையும் கூப்பிட்டார்கள். செயலர் கால்நடை மருத்துவர். சுருக்கமாகப் பேசுகிறவர். மேடத்தின் கோப்பை இனி நான் தொடக்கூடாது. வேறு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பொருத்தம் பார்ப்பார். எனக்கு ஒரு மெமோ, சாருக்கு ஒரு மெமோ. ஆறு மாதம் முடிந்தபின் என்னை வைத்துக்கொள்வதா என்று அப்போது முடிவு செய்வார்களாம். பக்கத்தை மூட வேண்டுமா என்று கேட்டேன். "பேரு போட்டு நடத்துங்க. ஒளிஞ்சு நடத்தாதீங்க" என்றார்.

படிவத்தில் எட்டாவது வரிசைக்கு அடியில் ஒரு புது வரிசை சேர்த்திருக்கிறார்கள்: 'தொடங்கும் தேதியிலிருந்து எண்ணினால் வரும் மாதத்தின் பெயர்.' கேட்டது நான்.

"பத்துப் பொருத்தம் பதினொண்ணா ஆக்கிட்டியே பிள்ளே" என்றார் சார். "இனி ஒருத்தனுக்கும் கல்யாணம் ஆவாது."

மேடத்துக்கும் ஒரு கேள்வி வந்தது. மார்ச் முதல் ஜூன் வரை என்ற கணக்கு ஆற்றங்கரை மருத மரங்களில் மட்டும் அவர் பார்த்து எழுதியது. மற்ற இரண்டு மரக்கூட்டங்களிலும் குட்டி அதே மாதத்தில்தான் இருக்கிறதா? வலை போடுமுன் கண்ணால் பார்த்தவர்கள் குறிப்பு வேண்டும் என்றார்கள். மேடம் சரி என்றார்.

அக்டோபர் 31, வெள்ளி

மதியம் 2.40க்கு முன்மொழிவு போய்விட்டது! ஐந்து மணிக்கு இரண்டு மணி இருபது நிமிடம் முன்னால்!

வேறு அலுவலகத்து அம்மாள் இரண்டு நாள் எடுத்து 64 பக்கத்தையும் படித்தார். பதினொன்றுக்குப் பதினொன்று. நான் என் மேசையில் உட்கார்ந்து மீன் வளர்ப்புக் கோப்பு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தொட்டியின் அளவு பொருந்தவில்லை. கதவருகே முகைதீன் வந்து கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார். போனவர் திரும்பி வந்து, "தார்ப்பாய் எங்க மலிவா கிடைக்கும்?" என்றார். ஜங்ஷன் பக்கம் என்றேன். இன்னும் நிதியே வரவில்லை. டிசம்பரில்தான் தெரியும்.

நவம்பர் 3, திங்கள்

கீழே இருப்பதைப் பக்கத்திலும் அப்படியே போடுகிறேன். முதல்முறையாக என் பெயரோடு.

தலைகீழ் ரசிகர்களே, நான் இசக்கிப்ரியா, பாளையங்கோட்டை. இத்தனை நாள் அட்மின் என்ற பெயரில் இருந்தவள். மேடம் எழுதியதை வாசிக்காமலே பொருந்துகிறது என்று நான் கையெழுத்துப் போட்டேன், பிறகு திரும்பப் பெற்றேன். முழுக்கதையும் நாளைக்குத் தனிப் பதிவாக எழுதுகிறேன், திட்ட வேண்டியவர்கள் அங்கே வந்து திட்டலாம்.

இன்றைக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் வவ்வால் மரம் இருந்தால் இந்த வருடம் குட்டியை எப்போது பார்த்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். போனில் படம் இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். பார்க்காதவர்கள் வருகிற பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை, பகலில், தூரத்தில் நின்று, நிமிர்ந்து பாருங்கள். அம்மாவின் நெஞ்சில் சின்னதாக இன்னொரு தலை தெரிந்தால் அதுதான். வெடி வேண்டாம், கல் வேண்டாம், மரத்தில் ஏற வேண்டாம். பக்கத்து ஊர்க்காரருக்கும் இதை அனுப்புங்கள். பார்த்த இடம், பார்த்த நாள் இரண்டையும் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். இதயம் போடுகிறவர்கள் போடுங்கள், ஆனால் தேதியும் போடுங்கள். ஒவ்வொன்றையும் நான் வாசிப்பேன், கடைசி வரி வரைக்கும்.

ஒன்றே ஒன்று. மூன்றாம் மாதம் என்று எழுதாதீர்கள். மார்ச் என்று எழுதுங்கள்.